சீட்டுக்குப் பின்னால் இருக்கும் டேங்கை பெட்டுக்கு அடியில் இறக்கலாமா? – வாசகர் கேள்வி–பதில்

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த ஷெவர்லே, ஃபோர்டு பிக்கப்களில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் நிற்கும். அதைப் பின்புறம், பெட்டுக்கு (சுமை ஏற்றும் பின்பகுதிக்கு) அடியில் மாற்றுவது குறித்து அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள வாசகர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கே: என்னுடையது 1970 ஷெவர்லே சி-10, 350 இன்ஜின். கேபினில் எப்போதும் பெட்ரோல் வாடை. டேங்கைப் பின்னால் மாற்றினால்தான் தீரும் என்கிறார்கள். உண்மையா? – வாசகர், டல்லஸ்

ப: வாடையை நிறுத்த டேங்கை மாற்ற வேண்டியதில்லை. முதலில் சீட்டைக் கழற்றிவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். பெட்ரோல் போடும் கழுத்தையும் டேங்கையும் இணைக்கும் ரப்பர் ஹோஸ் ஒன்று. சென்டரின் (டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று அளவுமானிக்குச் சொல்லும் மிதவைக் கருவி) அடியில் இருக்கும் கேஸ்கெட் இன்னொன்று. டேங்கிலிருந்து காற்றுபோக்கிக் குழாய்க்குப் போகும் சிறிய ஹோஸ் மூன்றாவது. ஐம்பது வயதான ரப்பரை எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் வேகமாகக் கெடுத்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும். விரலால் மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். இந்த மூன்றையும் புதிதாகப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் வாடை போய்விடும். ஒரு நாள் வேலை.

ஆனாலும் இடம் மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. சுமார் 20 கேலன், அதாவது 75 லிட்டருக்கு மேல் பெட்ரோல் உங்கள் முதுகுக்குப் பின்னால், நீங்கள் மூச்சு விடும் அதே அறையில் இருக்கிறது. மோதலில் ஒரு இணைப்பு விட்டாலும் அது கேபினுக்குள்தான் ஒழுகும். டேங்க் போனால் சீட்டைப் பின்னுக்குத் தள்ள இடம் கிடைக்கும். உயரமானவர்களுக்கு இது பெரிய லாபம். பெரிய டேங்கும் போடலாம்.

'கேபினுக்கு வெளியே போனாலே பாதுகாப்பு' என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1973-இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப் டேங்குகளைக் கேபினிலிருந்து வெளியே எடுத்தது உண்மைதான். ஆனால் வைத்த இடம் ஃப்ரேம் சட்டங்களுக்கு வெளிப்புறம், பாடித் தகட்டுக்கு உட்பக்கம். பக்கவாட்டில் மோதினால் டேங்குக்குக் கவசமே இல்லை. 1987 வரை வந்த அந்த வண்டிகளின் மேல் 1992-இல் அரசு விசாரணை தொடங்கியது. 1994 டிசம்பரில் பாதுகாப்புத் திட்டங்களுக்காக அந்த நிறுவனம் 5.1 கோடி டாலருக்கு மேல் செலவிட ஒப்புக்கொண்ட பிறகே அது முடிந்தது. மறுபக்கம் ஃபோர்டு பின்டோ என்ற சிறிய கார். அதில் டேங்க் பின் ஆக்ஸிலுக்கும் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னாலிருந்து இடித்தால் டேங்க் முன்னே தள்ளப்பட்டு டிஃபரன்ஷியல் போல்ட்டுகளில் குத்திக்கொள்ளும். 1978-இல் வண்டிகளைத் திரும்ப அழைத்து, நடுவில் பாலிஎத்திலீன் தடுப்பு வைத்துக் கொடுத்தார்கள்.

இந்த இரண்டிலிருந்தும் நமக்கு வேண்டிய விதி கிடைக்கிறது: இரண்டு ஃப்ரேம் சட்டங்களுக்கு நடுவில், டிஃபரன்ஷியலிலிருந்து தள்ளி, பம்பரிலிருந்தும் தள்ளி. இந்த மூன்றும் கிடைக்காத வண்டியில், நல்ல நிலையில் இருக்கும் கேபின் டேங்கே மேல் என்பது எங்கள் கருத்து.

கே: 1968 சி-10, குட்டை பெட். பின்புறம் 6 அங்குலம் தாழ்த்தி, ஆக்ஸில் ஏற இடம் கிடைக்க ஃப்ரேமில் சி-நாட்ச் (சி வடிவ வெட்டு) வெட்டியிருக்கிறேன். பிளேசர் டேங்க் வாங்கலாமா, அலுமினிய டேங்க் வாங்கலாமா? – வாசகர், ஃபீனிக்ஸ்

ப: 1973 முதல் 1991 வரையிலான கே5 பிளேசரின் டேங்க் இந்த வேலைக்குப் பெயர் போனது. 25 கேலன், 31 கேலன் என இரண்டு அளவில் வந்தது. தொழிற்சாலையே பின் ஆக்ஸிலுக்குப் பின்னால், ஃப்ரேம் சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிடச் செய்தது. அதன் சென்டர் உங்கள் ஷெவர்லே அளவுமானியோடு அப்படியே ஒத்துப்போகும். புதிய டேங்க், பட்டைகள், சென்டர் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன. உயரம் குறைக்காத வண்டி என்றால் யோசிக்காமல் அதையே சொல்லியிருப்போம்.

தாழ்த்திய வண்டிக்கு விஷயம் வேறு. டேங்கின் ஆழம் முக்கியம். 31 கேலன் டேங்கின் அடிப்பாகம் பின் பம்பருக்குக் கீழே தொங்கி நின்றால், பெட்ரோல் பங்க் வாசல் மேட்டில் முதலில் உரசுவது அதுதான். தட்டையான அலுமினிய டேங்க் இங்கே பொருத்தம். ஆனால் உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா, மூலை வெல்டிங்குகள் ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். அலுமினியம் அதிர்வில் வெல்டிங் ஓரத்தில்தான் விரியும். அதனால் அதை நேரே ஃப்ரேமில் போல்ட் போட்டு இறுக்காமல், ரப்பர் வைத்த தொட்டில் சட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். ஃப்ரேம் முறுகும்போது அந்த முறுக்கு டேங்குக்குப் போகக் கூடாது.

வாங்குவதற்கு முன் இடத்தை அளக்க வேண்டும். அதில்தான் பலர் தவறுகிறார்கள். வண்டி நிற்கும் நிலையில் டேப் பிடித்து அளந்தால் போதாது. ஸ்டெப்னியையும் அதன் தாங்கியையும் கழற்றுங்கள். ஃப்ரேமை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின் காயில் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு, ஜாக்கியால் ஆக்ஸிலை பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் ஃப்ரேமில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) தொடும் வரை மெதுவாக ஏற்றுங்கள். ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிறுத்தி, டிஃபரன்ஷியல் மூடியின் பின்முனை எங்கே வருகிறது என்று குறியுங்கள். சி-10-இல் ஆக்ஸிலைப் பிடித்திருப்பது முன்னோக்கிப் போகும் நீண்ட டிரெய்லிங் ஆர்ம்கள். அதனால் ஆக்ஸில் நேர்க்கோட்டில் ஏறாது, வில்போல் வளைந்து ஏறும். ஆர்ம் கிடைமட்டமாக வரும் தருணத்தில்தான் அது மிகப் பின்னால் இருக்கும், உச்சியில் அல்ல. உச்சியில் மட்டும் அளந்தவர்களின் டேங்கில் 12 போல்ட் மூடியின் தழும்பு விழும். அந்த மூடியின் போல்ட் தலைகள் எல்லாம் டேங்கைப் பார்த்தே இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம். மிகப் பின்னால் வரும் அந்த நிலையிலும் 3 அங்குல இடைவெளி வேண்டும். இயன்றால் நடுவில் 3 மில்லிமீட்டர் தகட்டுத் தடுப்பும் வையுங்கள்.

அதே நேரத்தில் ஆக்ஸிலைக் குறுக்காகப் பிடித்திருக்கும் பான்ஹார்ட் கம்பி, ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ், சைலன்சர் குழாய் எல்லாவற்றின் நடமாட்டத்தையும் பாருங்கள். குழாய்க்கும் டேங்குக்கும் குறைந்தது 4 அங்குலம். அதற்கு வழியில்லை என்றால் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு போட்டு, அதற்கும் டேங்குக்கும் இடையில் காற்றோட்டம் விடுங்கள். டேங்கோடு ஒட்டிய தகடு சூட்டைக் கடத்தவே செய்யும்.

அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, டேங்கின் முழு அளவில் ஒரு மாதிரி செய்து, அதை ஃப்ரேமுக்கு நடுவில் கட்டி வைத்து இந்தச் சோதனையைச் செய்தால் கண் முன்னே எல்லாம் தெரிந்துவிடும்.

கே: பழைய டேங்கைக் கழற்றுவதிலிருந்து புதியதை மாட்டுவது வரை வரிசையாகச் சொல்ல முடியுமா? – வாசகர், ஹூஸ்டன்

ப: முதலில் பெட்ரோலை இறக்குங்கள், வெளியே திறந்த வெளியில். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். வீட்டு கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருந்தால் அதன் பைலட் தீ அந்த ஆவிக்குப் போதும். பேட்டரி எர்த்தைக் கழற்றிய பிறகே எரிபொருள் வேலையைத் தொடங்குங்கள். ஒயர் போட்ட குண்டு பல்ப் வேண்டாம், எல்.இ.டி. டார்ச் போதும்.

சீட் வெளியே வந்ததும் சென்டரின் பழுப்பு ஒயரையும் கறுப்பு எர்த் ஒயரையும் கழற்றி அடையாளம் கட்டிவையுங்கள். பழுப்பு ஒயர் பிறகு பின்புறம் வரை நீளப் போகிறது. கழுத்து ஹோஸ், காற்றுபோக்கி, இன்ஜினுக்குப் போகும் குழாய் மூன்றையும் விடுவித்து, டேங்கைச் சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எடுத்தால் டேங்க் கதவு வழியாக வந்துவிடும். தரையில் குழாய் போன ஓட்டையை ரப்பர் குரோமெட்டால் அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் சைலன்சர் புகை உள்ளே ஏறும்.

பின்புறத்துக்கு, பெட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வதுதான் நல்லது. எட்டு போல்ட், நான்கு பேர், அரை மணி நேரம். அந்த அரை மணியை மிச்சம் பிடிக்க நினைத்து மல்லாந்து படுத்தபடியே மூன்று நாள் வேலை செய்பவர்கள் உண்டு. பெட் மேலேயிருந்தால் டேங்க் உச்சியிலுள்ள இணைப்புகளைக் கண்ணால் பார்க்கவே முடியாது. கசிவோ அங்கேதான் வரும்.

டேங்கைத் தாங்க ஃப்ரேமுக்குக் குறுக்கே இரண்டு சட்டங்கள் வேண்டும். முன்சட்டம், பின்சட்டம். இரண்டும் ஃப்ரேம் சட்டத்தின் செங்குத்துப் பக்கத்தில் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு 3/8 அங்குல கிரேடு 8 போல்ட்டுகளால் பிடிக்கப்பட வேண்டும். ஃப்ரேமின் மேல், கீழ் விளிம்புகளில் ஓட்டை போடக் கூடாது. வளைவின் அழுத்தம் முழுக்க அந்த விளிம்புகளில்தான் இருக்கிறது. செங்குத்துப் பக்கத்தின் நடுப்பகுதியில் போடும் ஓட்டையால் சேதமில்லை. வெல்டிங்கைவிட போல்ட் நல்லது. நாளை டேங்கை இறக்க வேண்டிவந்தால் கழற்றலாம்.

டேங்கைத் தூக்கிப் பிடிப்பவை இரண்டு இரும்புப் பட்டைகள், குறைந்தது ஒன்றரை அங்குல அகலம். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில், டேங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ரப்பர் பட்டை. தண்ணீர் உறிஞ்சும் நுரைப் பஞ்சு வைத்தால் அங்கேயே துருப்பிடிக்கும். பட்டையின் ஒரு முனை கொக்கி, மறுமுனை நீளமான போல்ட். டேங்க் கையால் அசைத்தால் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். தகடு உள்வாங்கும் அளவுக்கு இறுக்கினால் சென்டரின் மிதவைக் கை அடியில் முட்டி அளவு தப்பும். நட்டுகள் நைலான் வளையம் வைத்தவையாக இருக்கட்டும்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். 31 கேலன் என்பது 117 லிட்டர். பெட்ரோல் மட்டுமே ஏறத்தாழ 87 கிலோ. குழியில் விழுந்து எழும்போது பட்டைகள் தாங்கும் சுமை இதைப் போல் பல மடங்கு. காலி பிக்கப்பின் பின்புறம் எப்போதும் லேசாக இருக்கும் என்பதால் இந்த எடை பின் சக்கரப் பிடிப்புக்கு நல்லதே.

மாட்டியதும் சோப்புத் தண்ணீர்ச் சோதனை. எல்லா வாய்களையும் அடைத்துவிட்டு 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தத்தில் காற்று கொடுங்கள். 2-ஐத் தாண்டவே வேண்டாம், தட்டையான பக்கங்கள் உப்பிவிடும். பிறகு 20 லிட்டர் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். கடைசியாக முழுக்க நிரப்பி மறுபடி பாருங்கள். சென்டர் கேஸ்கெட்டும் காற்றுபோக்கி இணைப்பும் ஒழுகுமா என்பது டேங்க் நிரம்பினால்தான் தெரியும்.

கே: பெட்ரோல் போடும் வாயை பெட் தரையில் வைப்பதா, பக்கவாட்டில் வைப்பதா? – வாசகர், அட்லாண்டா

ப: பக்கவாட்டு. தரையில் வைப்பது சுலபம், தகடு வெட்ட வேண்டியதில்லை. ஆனால் பெட்டில் மரமோ மணலோ ஏற்றிய நாளில் பெட்ரோல் போட முடியாது. மழை நீர் மூடியைச் சுற்றித் தேங்கும். சிந்தும் பெட்ரோல் மரப்பலகையில் ஊறும். கண்காட்சிக்கு மட்டும் போகும் வண்டி என்றால் தரை வாய் போதும்.

பக்கங்கள் தட்டையான ஃப்ளீட்சைடு பெட்டில் உட்சுவருக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவே இடமிருப்பதால் பின் சக்கரத்துக்குப் பின்னால் சிறு கதவோடு வாயை வைக்கலாம். மட்கார்டு வெளியே துருத்தி நிற்கும் ஸ்டெப்சைடு பெட்டில் அந்த இடம் கிடையாது. அங்கே தரை வாய்தான் நடைமுறைக்கு ஒத்தது. டெயில் லைட்டுக்கோ நம்பர் பிளேட்டுக்கோ பின்னால் ஒளித்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். உயரம் போதாது, பின்னாலிருந்து இடித்தால் முதலில் நசுங்குவதும் அதுதான்.

எங்கே வைத்தாலும், ரப்பர் ஹோஸால் இணைத்த உலோக வாய்க்கு ஃப்ரேமிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயர் கொடுக்க வேண்டும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. நிலைமின்சாரம் வாயில் தேங்கினால், பெட்ரோல் போடும் நாசில் அருகில் வரும்போது பொறி பறக்கும்.

கே: மாற்றம் முடிந்தது. ஆனால் பங்கில் இரண்டு லிட்டருக்கு ஒருமுறை நாசில் 'டக்' என்று நின்றுவிடுகிறது. ஓட்டிவிட்டு மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கிறது. வேகமாகப் போனால் இன்ஜின் தடுமாறுகிறது. – வாசகர், சான் ஹோசே

ப: நீங்கள் சொல்வது மூன்று தொல்லை போலத் தோன்றினாலும், எல்லாமே காற்றைப் பற்றியது. இந்த மாற்றத்தில் மிக அதிகமாகக் கெடும் பகுதி இதுதான். டேங்கை எல்லோரும் அழகாக மாட்டிவிடுகிறார்கள், காற்றை மறந்துவிடுகிறார்கள்.

நாசில் விஷயம் முதலில். அமெரிக்கப் பங்குகளில் நிமிடத்துக்கு 10 கேலன் வரை, ஏறக்குறைய 38 லிட்டர், பெட்ரோல் வரலாம். அத்தனை பெட்ரோல் உள்ளே போனால் அதே அளவு காற்று அதே வேகத்தில் வெளியே வர வேண்டும். நாசில் முனையில் ஒரு சிறு துளை உண்டு. பெட்ரோல் எதிர்த்து வந்து அதை மூடினால் நாசில் நின்றுவிடும். காற்றுக்குத் தனி வழி இல்லையென்றால், உள்ளே போகும் பெட்ரோலை எதிர்த்துக்கொண்டு அதே கழுத்து வழியாகக் காற்று குமிழிட்டு ஏறும், துளை நனையும். தீர்வு: டேங்கின் உச்சியிலிருந்து கழுத்தின் மேல்முனைக்கு, மூடிக்குச் சற்றுக் கீழே, 5/8 அங்குலத் தனி ஹோஸ். 1/2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

அடுத்து கழுத்து ஹோஸைப் பாருங்கள். வாயிலிருந்து டேங்க் வரை அது முழுக்கக் கீழ்நோக்கியே போக வேண்டும். நடுவில் ஒரு இடத்தில் தொய்ந்தாலும் அங்கே பெட்ரோல் தேங்கி அடைப்பாகிவிடும். தாழ்த்திய வண்டிகளில் ஃப்ரேம் சட்டத்தைத் தாண்டும் இடத்தில்தான் இந்தத் தொய்வு வரும். ஹோஸை இழுத்துக் கட்டிச் சரிசெய்ய முடியாவிட்டால், டேங்கை ஒரு அங்குலம் இறக்கியோ வாயை உயர்த்தியோதான் ஆக வேண்டும். கழுத்துக்கு ரேடியேட்டர் ஹோஸ் போடாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் பெட்ரோல் பட்டால் உட்பக்கம் ஊறி உரிந்துவிடும்.

உஸ்ஸென்ற சத்தம் வேறொன்று. இன்ஜின் பெட்ரோலை எடுக்க எடுக்க, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வழியில்லை. டேங்கில் வெற்றிடம் உருவாகிறது, பம்ப் அதோடு மல்லுக்கட்டுகிறது, கார்புரேட்டர் கிண்ணம் வற்றுகிறது. வேகத்தில் தடுமாறுவது அதனால்தான். அப்படியே விட்டால் மெல்லிய டேங்க் உள்வாங்கி நசுங்கவும் கூடும். காற்றுத்துளை உள்ள மூடிக்குப் பதில் துளையில்லாத மூடி போட்டதும், டேங்கின் காற்றுபோக்கி வாயை 'எதற்கோ இருக்கிறது' என்று அடைத்ததும் சேர்ந்த விளைவு இது. காற்றுபோக்கிக் குழாயை 5/16 அங்குலத்தில் டேங்க் உச்சியிலிருந்து எடுத்து, பெட் சுவருக்குள் வாயின் உயரம் வரை ஏற்றி, அங்கே கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றைச் செங்குத்தாகப் பொருத்துங்கள். சாய்வாக வைத்தால் அந்த வால்வு வேலை செய்யாது.

அதன் மறுமுனை எங்கே போக வேண்டும்? கரி நிரப்பிய கேனிஸ்டருக்கு. கலிஃபோர்னியாவில் 1970 மாடலிலிருந்தும் நாடு முழுவதும் 1971-இலிருந்தும் ஆவிக் கட்டுப்பாடு கட்டாயமானது. 1975 வரையிலான வண்டிகளுக்கு உங்கள் மாநிலத்தில் புகைச் சோதனை இல்லை என்றாலும், தொழிற்சாலை வைத்த கேனிஸ்டரைக் கழற்றி எறிவதற்கு அது அனுமதி ஆகாது. கேனிஸ்டர் இல்லாத பழைய மாடலுக்கும் ஒன்று போடலாம். வெயில் நாளில் கராஜில் வரும் வாடை நின்றுவிடும்.

டேங்கை வாய் வரை நிரப்பவும் வேண்டாம். நிலத்தடியிலிருந்து குளிர்ச்சியாக வரும் 117 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினால் சுமார் 2 லிட்டர் பெருகும். அதற்கு மேலே இடம் வேண்டும்.

கே: அளவுமானி எப்போதும் 'ஃபுல்'லுக்கும் மேலே நிற்கிறது. சென்டர் புதியது. – வாசகர், சிகாகோ

கே: 1966 ஃபோர்டு எஃப்-100-இல் பிளேசர் டேங்க் போட்டேன். முழுக்க நிரப்பினால் காலி என்கிறது, காலியானால் முழுசு என்கிறது! – வாசகர், சார்லட்

ப: சிகாகோ வாசகருக்கு: உங்கள் சென்டர் நன்றாகவே இருக்கும், எர்த் இல்லை. 1965-க்குப் பிந்தைய ஷெவர்லே சென்டர் காலியில் 0 ஓம், நிரம்பினால் 90 ஓம். எதிர்ப்பு கூடக் கூட முள் ஏறும். கேபினில் இரும்போடு ஒட்டியிருந்த டேங்க் இப்போது ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. எர்த் அறுந்தால் எதிர்ப்பு எல்லையில்லாமல் போய் முள் உச்சியைத் தாண்டும். அரைகுறை எர்த் இருந்தால் இன்னும் மோசம்: கால் டேங்கை அரை டேங்க் என்று காட்டி நடுவழியில் நிறுத்தும். சென்டர் தகட்டிலிருந்து ஃப்ரேமுக்குத் தனி ஒயர் இழுத்து, பெயின்ட்டைச் சுரண்டி இரும்பில் பிடியுங்கள். சோதிக்க எளிய வழி: சாவியைப் போட்டு, பழுப்பு ஒயரைச் சென்டரிலிருந்து பிடுங்கினால் முள் ஏற வேண்டும்; ஃப்ரேமில் தொட்டால் காலிக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயரும் மானியும் நலம்.

சார்லட் வாசகருக்கு: அந்தக் காலத்து ஃபோர்டு மானி தலைகீழானது. காலியில் சுமார் 73 ஓம், நிரம்பினால் 10. ஷெவர்லே சென்டரை அதில் மாட்டினால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். ஒயரை மாற்றிப் பிடித்துச் சரிசெய்ய முடியாது. 73–10 ஓம் அளவில் அந்தத் துளைக்குப் பொருந்தும் சென்டர் வாங்குங்கள். ஃபோர்டு வண்டிக்காரர்களில் பலர் 1965–68 மஸ்டாங்கின் 16 கேலன் டேங்கை எடுப்பது இதற்காகத்தான். அதன் சென்டர் ஃபோர்டு மானியின் மொழியே பேசும். சுற்றிலும் விளிம்பு உள்ள டேங்க் என்பதால் சட்டத்தில் உட்கார வைத்துத் திருகலாம். 60 லிட்டர்தான் பிடிக்கும், அவ்வளவே குறை. ஃபோர்டு மானிக்கு நேரே 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள். அது சிறிய வோல்டேஜ் ரெகுலேட்டர் வழியாகச் சுமார் 5 வோல்ட்டில் ஓடுவது, கருகிவிடும்.

கே: முன்பெல்லாம் சாவியைத் திருப்பியதும் பிடிக்கும். இப்போது ஒரு வாரம் நிறுத்தினால் நெடுநேரம் ஸ்டார்ட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. வெயிலில் நின்றால் நின்றதுதான். எலக்ட்ரிக் பம்ப் போட வேண்டுமா? – வாசகர், டூசான்

ப: முன்பு டேங்க் பம்பைவிட உயரத்தில் இருந்தது. பெட்ரோல் தானாகவே இறங்கி பம்ப் வாசலில் நின்றது. இப்போது டேங்க் கீழே, பின்னால். இன்ஜினின் வலப்பக்க முன்முனையில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப் இத்தனை அடி தூரத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். நல்ல பம்புக்கு அது முடியும். ஆனால் உறிஞ்சும் குழாயில் ஊசிமுனைக் கசிவு இருந்தாலும் போதும்: பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாத கசிவு இது. அதனால் டேங்கிலிருந்து பம்ப் வரை 3/8 அங்குல இரும்பு அல்லது நிக்கல்-காப்பர் குழாயை இயன்றவரை ஒரே துண்டாகப் போடுங்கள். ரப்பர் இரண்டு முனையிலும் ஒரு சாண் மட்டும். குழாய் முனையில் வளையம் எழுப்பிய பிறகே ஹோஸை ஏற்ற வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்.ஏ.இ. 30ஆர்7 என்று அச்சிட்ட ஹோஸ் போதும்.

வெயிலில் நிற்பது வேறு நோய்: குழாயில் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் ஆவியை உறிஞ்சுகிறது. குழாயை சைலன்சருக்கு எதிர்ப்புற ஃப்ரேம் சட்டத்தின் உட்பக்கத்துக்கு மாற்றுங்கள். கார்புரேட்டருக்கு முன், டேங்குக்குத் திரும்பும் சிறு குழாயுள்ள ஃபில்டர் போட்டால் சூடான பெட்ரோல் தேங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதற்குப் பிறகும் தீராவிட்டால் டேங்க் அருகில், டேங்கின் அடிமட்டத்துக்கு நெருக்கமான உயரத்தில், 5 முதல் 7 பி.எஸ்.ஐ. எலக்ட்ரிக் பம்ப். இந்த வகை பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மோசம். அதை இன்ஜின் பக்கத்தில் வைத்தவர்கள் சில மாதத்தில் எரித்துவிடுவார்கள். பம்புக்கு முன்னால் பெருங்கண் ஃபில்டர், பின்னால் நுண்கண் ஃபில்டர். மாற்றி வைத்தால் பம்ப் பட்டினி கிடக்கும். ரிலே, ஃபியூஸ், கூடவே மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச். இந்தச் சுவிட்ச் இல்லாமல் எலக்ட்ரிக் பம்ப் போடவே கூடாது. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் நின்றால் நிற்கும். எலக்ட்ரிக் பம்ப், வண்டி கவிழ்ந்து கிடந்தாலும் அறுந்த குழாயில் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

கே: ஜெனரல் மோட்டார்ஸின் புதிய தலைமுறை எல்.எஸ். இன்ஜின் போடப் போகிறேன். அதற்கேற்ற டேங்க்? – வாசகர், சியாட்டில்

ப: பம்ப் டேங்குக்குள்ளேயே இருக்கும் டேங்காக வாங்குங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் இந்த இன்ஜினுக்கு 58 பி.எஸ்.ஐ. வேண்டும். 1999–2003 கார்வெட்டின் ஃபில்டருக்குள் ரெகுலேட்டரும் சேர்ந்தே இருக்கிறது. அதை டேங்க் பக்கத்தில் ஃப்ரேமில் பிடித்தால், திரும்பும் குழாய் ஓரிரு அடியில் முடிந்து இன்ஜினுக்கு ஒரே குழாய் போனால் போதும். பம்பைச் சுற்றி டேங்குக்குள் தடுப்புக் கிண்ணம் கட்டாயம். இல்லையென்றால் கால் டேங்கில் வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை விழுங்கும். வெளி ஹோஸ் 30ஆர்9; டேங்குக்குள் மூழ்கும் துண்டு 30ஆர்10 மட்டுமே. 30ஆர்9-ஐ உள்ளே போட்டால் அதன் வெளித்தோல் கரைந்து ஃபில்டரை அடைக்கும்.

கே: கேபினில் பழைய மூடி இருந்த ஓட்டையை என்ன செய்வது? பழைய டேங்கை வெட்டி வேறு எதற்காவது பயன்படுத்தலாமா? – வாசகர், டென்வர்

ப: வண்டியின் பழைய தோற்றம் பிடிக்குமானால் கழுத்தையும் மூடியையும் அப்படியே விட்டு, உட்பக்கம் தகடு வைத்து அடைத்துவிடுங்கள். கழுத்தையும் மூடியையும் எடுத்துவிட்டு ஓட்டையை அடைக்கவே வேண்டுமானால் 18 கேஜ் தகட்டில் ஓட்டைக்குச் சரியான வட்டம் வெட்டி, எதிரெதிராகப் புள்ளி வெல்டிங் வைத்து, ஒவ்வொன்றும் கையால் தொடும் சூட்டுக்கு ஆறிய பிறகு அடுத்தது. இடைவிடாமல் வெல்டிங் வைத்தால் கேபின் மூலை நெளிந்துவிடும். மூடியை அப்படியே விட்டிருந்தால், பங்கில் தெரியாதவர் அந்தப் போலி மூடியைத் திறந்து நாசிலை விடாதபடி மூடியை உள்ளிருந்து பூட்டி வையுங்கள்.

பழைய டேங்கில் வெட்டுவதும் வெல்டிங்கும் வேண்டவே வேண்டாம். கழுவி, மாதக்கணக்கில் காயவைத்த டேங்கும் வெடித்திருக்கிறது. தகட்டு மடிப்புகளில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் சூட்டில்தான் ஆவியாகி வெளியே வரும்.

கே: இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு. அடியில் தொங்கும் டேங்க் எத்தனை வருடம் தாங்கும்? – வாசகர், ஸ்கார்பரோ

ப: டேங்கைவிட முதலில் போவது பட்டைதான், அதுவும் ரப்பருக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில். துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வாங்குங்கள். அலுமினிய டேங்கோடு அதை நேரே தொடவிட வேண்டாம். உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். டேங்கின் மேல்பகுதியில் சேறு தேங்காதபடி, பெட்டுக்கும் டேங்குக்கும் ஒரு அங்குல இடைவெளி விட்டு, வாரம் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வழி வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் ஒருமுறை ஜாக்கியால் டேங்கைத் தாங்கிக்கொண்டு, பட்டை போல்ட்டைத் தளர்த்தி, ரப்பரை விலக்கி அடியில் பாருங்கள். குழாய்க்கு இரும்பு வேண்டாம், நிக்கல்-காப்பர் போடுங்கள்.